இளைஞர்களுக்குச் சிறகு கட்டிய பெரியவர்

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 22-ம் தேதி. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக்குச் சுமார் முப்பது மைல் தொலைவில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய மில்லர் என்னும் சிற்றூரில் நால்வர் ரயிலிலிருந்து இறங்கினர். மூவர் நல்ல உழைப்பாளிகள். நான்காமவர் குறுந்தாடி வைத்த பெரியவர். வயது அறுபத்து நான்கு. அவர்களுடன் ஒரு கூடாரம் வந்தது. சமையல் சாமான்கள் வந்தன. மரச்சட்டங்களில் துணி போர்த்திய பெரிய பெரிய இறக்கைகளும் வந்தன!

அந்த ஏரிக்கரையில் மரமோ செடியோ இல்லாத மணல் மேடுகள் உண்டு. ஏரியிலிருந்து காற்று தடையின்றி வீசும். மேட்டின் உச்சியில் இறக்கையைத் தோளில் தாங்கி நின்று, காற்றை எதிர்த்து நாலு எட்டு ஓடிக் குதித்தால், அது ஆளைச் சற்று நேரம் சுமந்து செல்லும். தவறி விழுந்தாலும் அடியில் மணல் மெத்தை. வந்தவர்களின் நோக்கம் இதுதான்.

இயந்திரம் இல்லாமல் காற்றின் பலத்திலேயே பறக்கும் விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். இன்று பல நாடுகளில் கிளைடர் சங்கங்கள் இருக்கின்றன. அத்தகைய சங்கங்களில் ஒரு பெரியவரைக் காணலாம். தாம் பறப்பதைவிடப் பிறர் பறப்பதைப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆனந்தம். காற்றின் வேகத்தை அளப்பார், கயிற்றைச் சோதிப்பார், புதிதாக வந்த பையனின் பயத்தைப் போக்குவார். சங்கங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த மணல் மேட்டில் இந்த வேலைகளையெல்லாம் செய்தவர் ஆக்டேவ் ஷனூட்.

சம்பளம் கேட்காத வேலைக்காரர்

ஷனூட் பிறந்தது பாரிஸ் நகரில், 1832 பிப்ரவரி 18-ம் தேதி. தந்தை நன்கு படித்தவர். அமெரிக்காவில் லூசியானா மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் அவருக்குப் பதவி கிடைத்தது. 1838-ல் ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். சில ஆண்டுகளுக்குப் பின் இருவரும் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தனர்.

பதினேழாவது வயதில், ஹட்ஸன் நதியோரமாக ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் ஷனூட் வேலை கேட்டார். இடம் காலியில்லை என்று பதில் வந்தது. பையன் திரும்பவில்லை. சம்பளம் இல்லாமலேயே நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்க முன்வந்தான். சில வாரங்களில் அவன் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறிவிட்டது. எஞ்சினீயரிங் கல்லூரியின் வாசற்படியை மிதிக்காத ஷனூட், வேலை செய்துகொண்டே வேலை கற்று, நாட்டின் சிறந்த எஞ்சினீயர்களுள் ஒருவரானார்.

சிக்காகோவின் புகழ்பெற்ற கால்நடைச் சந்தை வளாகம் 1865-ல் அவருடைய திட்டப்படி அமைந்தது. மிசௌரி ஆற்றின் குறுக்கே அதுவரை யாரும் பாலம் கட்டியதில்லை. வண்டலும் வெள்ளமும் நிறைந்த ஆறு அது. கான்ஸாஸ் சிட்டி என்னுமிடத்தில் ஷனூட் கட்டிய ஹானிபல் பாலம் 1869-ல் திறக்கப்பட்டது. ஊர் மளமளவென்று வளர்ந்தது. 1873-ல் ஈரி ரயில்வேயின் தலைமை எஞ்சினீயரானார். கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு நகரமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ரயில் பாதையின் அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப் போகாமலிருக்க மருந்தூட்டும் தொழிலிலும் அவர் நிபுணர். எந்தக் கட்டை எத்தனை ஆண்டு உழைக்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்காக, ஆண்டு பொறித்த ஆணியை ஒவ்வொரு கட்டையிலும் அடிக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பினார். சிறு யோசனைதான். ஆனாலும் மனிதரின் சுபாவம் அதில் தெரிகிறது: எதையும் அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், அடுத்தவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

ரகசிய ஆசை

இத்தகையவருக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. மனிதன் பறக்க வேண்டும்! அந்தக் காலத்தில் பறப்பதைப் பற்றிப் பேசும் எஞ்சினீயரைப் பைத்தியக்காரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே ஷனூட் வெளியே மூச்சு விடாமல், பல நாடுகளிலிருந்தும் செய்திகளைத் திரட்டிவந்தார். வயதும் வந்தது, வசதியும் வந்தது. 1891-ல் அமெரிக்க சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். இனி யார் சிரித்தால் என்ன?

அதே 1891-ல் ஒரு ரயில்வே எஞ்சினீயரிங் சஞ்சிகையில் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். யார் யார் எந்த நாட்டில் எத்தகைய இறக்கை செய்தார்கள், அது ஏன் விழுந்தது, எங்கே பிசகு என்று ஒவ்வொன்றாக அலசினார். 1894-ல் அக்கட்டுரைகள் புத்தகமாயின. பறக்க விரும்பியவர்களுக்கு அதுவே பாடப்புத்தகமாயிற்று. இதற்கிடையே 1893-ல் சிக்காகோ உலகக் கண்காட்சி நடந்தபோது, ஆகாயப் பிரயாணம் பற்றிய சர்வதேச மகாநாட்டையும் கூட்டினார்.

எகிப்தில் கெய்ரோ நகரில் மூய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் வறுமையில் வாடிக்கொண்டே கழுகுகளின் பறத்தலை ஆராய்ந்துவந்தார். ஷனூட் அவருக்குப் பணம் அனுப்பினார். அவருடைய கிளைடருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெறவும் உதவினார். இந்த உதவி பிற்காலத்தில் ஒரு பெரிய மனஸ்தாபத்துக்கு வித்தாகும் என்று அப்போது யார் கண்டது?

மணல் மேட்டு முகாம்

மீண்டும் மில்லருக்கு வருவோம். முகாமுக்கு வந்த மற்ற மூவர்: அகஸ்டஸ் ஹெரிங், ஏற்கெனவே கிளைடர் செய்து பழகிய எஞ்சினீயர், வில்லியம் ஏவரி, சிக்காகோ தச்சர், புட்டுசோவ், ருஷ்யாவிலிருந்து வந்த முன்னாள் மாலுமி. செலவு முழுவதும் ஷனூட்டுடையது.

ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தால் என்பவர் சில ஆண்டுகளாகக் குன்றுகளிலிருந்து கிளைடரில் பறந்துவந்தார். உலகமே வியந்தது. அவருடைய முறையில், காற்று இறக்கையை ஒரு பக்கம் சாய்த்தால், தொங்கும் மனிதன் கால்களையும் உடலையும் மறுபக்கம் வீசிச் சமன் செய்ய வேண்டும். கழைக்கூத்தாடியின் கயிற்று நடை மாதிரிதான். முகாமில் முதலில் அந்த மாதிரியைத்தான் சோதித்தார்கள். சுமார் நூறு தடவை பறந்து பார்த்தபின், அது அபாயமானது என்று ஷனூட் ஒதுக்கிவிட்டார்.

அவருடைய எண்ணம் வேறு. காற்று மாறினால் மனிதன் துள்ள வேண்டியதில்லை. இறக்கையே தானாக அசைந்து சரிசெய்துகொள்ள வேண்டும். இதற்காகப் பன்னிரண்டு இறக்கைகளைக் கொண்ட ஒரு விசித்திர வாகனம் செய்திருந்தார். அடுக்கடுக்காக இறக்கை வைத்த அது ஒரு பூச்சியைப்போல் இருந்ததால், வெட்டுக்கிளி வகைப் பூச்சி ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மெல்லிய இறகுத் தூவிகளைக் காற்றில் விட்டு, அவை இறக்கைகளின் இடையே எப்படி நெளிந்து போகின்றன என்று ஷனூட் கவனிப்பார். பின் இறக்கைகளை இடம் மாற்றி அடுக்குவார். மீண்டும் தூவி. மீண்டும் மாற்றம். அந்த வயதில் அந்த வெயிலில் இதையெல்லாம் செய்ய எத்தனை பொறுமை வேண்டும்!

ஜூலை 4-ம் தேதி முகாம் கலைந்தது. ஆகஸ்டு 9-ம் தேதி ஜெர்மனியில் லிலியென்தாலின் கிளைடர் காற்றில் தடுமாறி விழுந்தது. மறுநாள் அவர் உயிர் துறந்தார். செய்தி கேட்டும் ஷனூட் பின்வாங்கவில்லை. ஆகஸ்டு மாதமே இரண்டாவது முகாம் தொடங்கியது. முதல் முகாமில் பத்திரிகை நிருபர்களும் வேடிக்கை பார்ப்போரும் மொய்த்துவிட்டதால், இம்முறை ஐந்து மைல் கிழக்கே தள்ளி, பாய்மரக் கப்பலில் போய் இறங்கினார்கள். முதல் இரவே புயல் கூடாரத்தைக் கிழித்தெறிந்தது. வாகனங்களுக்கும் சேதம். ஒட்டுப் போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் சரித்திரம் படைத்த கிளைடர் பறந்தது. முதலில் மூன்றடுக்கு. கீழடுக்கு தரையில் இடித்தது. அதைக் கழற்றி எறிந்தார்கள். மிஞ்சியது இரண்டடுக்கு. எடை இருபத்து மூன்றே ராத்தல். இந்த இரண்டு அடுக்குகளையும் பிணைத்திருந்த விதந்தான் முக்கியம். நிமிர்ந்த குச்சிகள், அவற்றின் இடையே குறுக்கும் நெடுக்குமாக முறுக்கிய கம்பிகள். ரயில் பாலம் கட்டியவருக்கு இது புதிதா? ஆற்றின் மேல் ரயிலைத் தாங்கிய சட்டக்கட்டையே அவர் காற்றின் மேல் மனிதனைத் தாங்க வைத்துவிட்டார். பாரம் குறைவு, உறுதி அதிகம். வாலை வளைந்துகொடுக்கும்படி அமைத்தது ஹெரிங்கின் யோசனை.

அந்தக் கிளைடரில் ஹெரிங் 359 அடி தூரம் பறந்தார். ஏவரி 256 அடி. இன்றைக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நூற்றுக்கணக்கான தடவை பறந்தும் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லையே! லிலியென்தால் இறந்த அதே கோடையில் இது நடந்தது என்பதை மறக்கலாகாது. புட்டுசோவ் செய்த பெரிய வாகனத்தை மட்டும், ஆளை ஏற்றாமல் பாரம் வைத்து விடச் செய்தார் ஷனூட். அது விழுந்து நொறுங்கியது. ஆள் ஏறியிருந்தால்?

தாம் கண்டதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அளவுகளோடும் படங்களோடும் பத்திரிகைகளில் வெளியிட்டார். விரும்பியவர் செய்துகொள்ளலாம்! பறக்கும் வித்தை ஒருவருடைய சொத்தல்ல, பலர் சேர்ந்து கட்டும் பாலம் என்பது அவருடைய கொள்கை.

டேட்டனிலிருந்து ஒரு கடிதம்

1900-ம் ஆண்டு மே மாதம் ஷனூட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓஹையோ மாகாணம் டேட்டன் நகரில் தம்பியுடன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட். ஷனூட்டின் புத்தகத்தைப் படித்தவர். பறக்கும் பைத்தியம் தம்மைப் பிடித்திருப்பதாகத் தெரிவித்து, காற்று சீராக வீசும் இடம் எது என்று கேட்டிருந்தார். பெரிய எஞ்சினீயருக்கு ஒரு சைக்கிள் கடைக்காரரின் கடிதம்! ஷனூட் உடனே பதில் எழுதினார். மணல் மேடு உள்ள அட்லாண்டிக் கடற்கரையைத் தேடும்படி யோசனை சொன்னார். சகோதரர்கள் கிட்டி ஹாக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து பத்தாண்டு நீடித்து, நூற்றுக்கணக்கான கடிதங்களாகப் பெருகியது. சகோதரர்கள் செய்த கிளைடரிலும் ஷனூட்டின் பாலக்கட்டே இருந்தது.

1901 கோடையில் கிட்டி ஹாக் முகாமுக்கு ஷனூட் நேரிலேயே போனார். அந்த ஆண்டு கிளைடர் எதிர்பார்த்தபடி பறக்கவில்லை. வில்பர் அடியோடு மனம் உடைந்துபோனார். அதுவரை உலகில் யாரும் செய்ததைவிட அவர்கள் அதிகம் செய்திருப்பதாக எடுத்துச் சொல்லித் தேற்றியவர் ஷனூட்தான். அதோடு விடவில்லை. செப்டம்பர் 18-ம் தேதி சிக்காகோவில் எஞ்சினீயர்கள் சபையில் வந்து பேசும்படி அழைத்தார். வில்பர் தயங்கினார். தங்கை கேதரின் விடாப்பிடியாக வற்புறுத்தி, தம்பி ஆர்விலின் கோட்டையும் சட்டையையும் போட்டு அனுப்பிவைத்தார். அந்தப் பேச்சுக்குப் பின்னர் சகோதரர்கள் ஒரு பெட்டிக்குள் செயற்கைக் காற்றோட்டம் உண்டாக்கி, இறக்கை வடிவங்களைச் சோதித்து, பழைய கணக்குகளைத் திருத்தினார்கள். பணக்கார வள்ளல் கார்னெகியிடம் சொல்லிப் பண உதவி வாங்கித் தரவும் ஷனூட் முன்வந்தார். வில்பர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

1902-ம் ஆண்டு ஷனூட்டுக்குத் துக்க ஆண்டு. மனைவி ஆனி காலமானார். இலையுதிர் காலத்தில் அவர் மீண்டும் சகோதரர்களின் முகாமுக்கு வந்து, தாம் செய்வித்த இரண்டு கிளைடர்களைப் பறக்கவிட முயன்றார். இரண்டும் தோல்வி. அதே மேட்டில் ரைட் சகோதரர்களின் கிளைடரோ பருந்துபோல் இறங்கியது! சீடன் குருவை மிஞ்சிய காட்சி அது. ஷனூட்டின் மனத்தில் பொறாமை எழவில்லை என்பதற்கு, அவர் ஊர் ஊராகச் சென்று அவர்களைப் புகழ்ந்ததே சாட்சி.

1903 நவம்பரிலும் வந்தார். எழுபத்தொரு வயது. எலும்பைக் குத்தும் குளிர். புதிய விமானத்தின் சுழலித் தண்டுகள் முறிந்து, பழுது பார்க்க ஊருக்குப் போயிருந்தன. சில நாள் காத்திருந்துவிட்டு 12-ம் தேதி கிளம்பிவிட்டார். டிசம்பர் 17-ம் தேதி ரைட் சகோதரர்கள் பறந்தனர். இன்னும் ஐந்து வாரம் தாக்குப்பிடித்திருந்தால் கண்ணாரக் கண்டிருக்கலாம்! செய்தி கிடைத்தவுடன் கேதரின் ஷனூட்டுக்குத் தந்தி கொடுத்தார்.

சிநேகத்தில் விழுந்த விரிசல்

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. 1903 ஏப்ரலில் ஷனூட் பாரிஸ் போயிருந்தார். பிரெஞ்சு ஆகாயச் சங்கத்தாரின் விருந்தில், ரைட் சகோதரர்களின் கிளைடரைப் பற்றி வழக்கம்போல் மனம் திறந்து பேசினார். பிரான்ஸில் பறக்கும் ஆர்வம் மறுபடி கொழுந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள், சகோதரர்கள் ஷனூட்டின் மாணவர்கள் என்றே எண்ணிக்கொண்டார்கள். வில்பருக்கு இது முள்ளாய்த் தைத்தது.

விமானத்தின் இறக்கையை முறுக்கி அதைக் கட்டுப்படுத்தும் முறைக்குச் சகோதரர்கள் 1906-ல் காப்புரிமை பெற்றார்கள். 1909-ல் ஹெரிங்-கர்ட்டிஸ் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அந்த ஹெரிங், மணல் மேட்டு முகாமில் 359 அடி பறந்த அதே ஹெரிங்தான். இறக்கையை முறுக்கும் யோசனை புதிதல்ல, மூய்யார் போன்றவர்கள் முன்பே சொன்னதுதான் என்பது ஷனூட்டின் அபிப்பிராயம். 1910 ஜனவரியில் அது நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. வில்பர் கோபமாகக் கடிதம் எழுதினார். ஷனூட்டும் சூடாகப் பதில் எழுதினார். பணத்தாசை சகோதரர்களின் கண்ணை மறைப்பதாக அவர் வருந்தினார். தங்கள் உழைப்பின் பெருமையைப் பெரியவர் மூடி மறைப்பதாக அவர்கள் வருந்தினார்கள்.

யார் பக்கம் நியாயம்? விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை ரைட் சகோதரர்கள் பக்கமே என்று சொல்ல வேண்டும். இறக்கை தானாகச் சமன் செய்துகொள்ள வேண்டும் என்பதிலேயே ஷனூட்டின் மனம் கடைசிவரை நின்றது. சைக்கிளைப்போல, ஓட்டுபவனே கணத்துக்குக் கணம் சமன் செய்ய வேண்டும் என்பது சகோதரர்களின் கண்டுபிடிப்பு. முறுக்கும் இறக்கையையும் சுக்கானையும் சேர்த்து இயக்கியதில் இருந்த புதுமை பெரியவருக்கு முழுதும் பிடிபடவில்லை. ஆனால் வேறொன்றும் உண்மை. முன்பின் தெரியாத ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு அவர் கை நீட்டியபோது கணக்குப் பார்க்கவில்லை. அறிவைப் பொதுச் சொத்தாகக் கருதியவர், அதற்கு வேலி போட்டதைக் கண்டு துடித்ததில் வியப்பென்ன?

கடிதங்கள் நின்றன. மூன்று மாத மௌனம். ஏப்ரல் இறுதியில் வில்பரே முதலில் இறங்கிவந்தார். பழைய நட்பை இழக்க மனமில்லை என்று எழுதினார். மே மாதம் ஷனூட் பதில் போட்டார். தமக்கு உடல் நலமில்லை என்றும், ஐரோப்பாவுக்குப் போவதாகவும், திரும்பியபின் உறவு பழையபடி தொடரும் என்று நம்புவதாகவும் அதில் கண்டிருந்தது.

பாரிஸில் அவருக்கு நிமோனியா கண்டது. மெலிந்த உடலோடு சிக்காகோவுக்குத் திரும்பினார். 1910 நவம்பர் 23-ம் தேதி, எழுபத்தெட்டாவது வயதில், தம் வீட்டில் காலமானார். நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள இருவருக்கும் வாய்க்கவில்லை.

செய்தி கேட்டதும் வில்பர் ரயிலேறிச் சிக்காகோ சென்று இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். இல்லினாய் மாகாணம் பியோரியாவில் ஷனூட்டின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, 1911 ஜனவரியில், விமானச் சஞ்சிகை ஒன்றில் வில்பர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். சச்சரவின் சாயலே அதில் இல்லை. ஷனூட்டின் எழுத்துக்கள் இல்லாவிடில் பறக்கும் கலை வேறு பாதையில் போயிருக்கும் என்பதையும், அவருடைய பொறுமையையும் உள்ளத்தின் நல்ல தன்மையையும் மனமார ஒப்புக்கொண்டார்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஆர்வில் மீண்டும் கிட்டி ஹாக் மணல் மேட்டுக்குப் போனார். இம்முறை இயந்திரம் இல்லை, கிளைடர் மட்டுமே. 24-ம் தேதி பலத்த காற்றில் மேட்டின் மேல் எழும்பி, கீழிறங்காமல் 9 நிமிஷம் 45 விநாடி மிதந்தார். இறக்கை அசைக்காமல் பருந்து வானில் நிற்குமே, அந்த வித்தை! மூய்யாரும் ஷனூட்டும் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி ஆராய்ந்த வித்தை அது. மறுபடி பத்தாண்டுகள் கழித்து, ஜெர்மானிய இளைஞர்கள் மலைச்சரிவுகளில் கிளைடர் சங்கம் கூட்டிய பிறகே அந்த நேரத்தை வேறொருவர் முறியடித்தார்.